பாட்டன் பிறந்த ஊர் எது?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்று ஒரு நகரம் இருக்கிறது. மெரிமாக் ஆற்றங்கரையில் உள்ள ஊர். 19-ம் நூற்றாண்டில் அங்கே நெசவாலைகள் வரிசை வரிசையாக ஓடின. அயர்லாந்திலிருந்து கப்பல் ஏறிப் போன ஏராளமானவர்கள் அவற்றில் உழைத்தார்கள்.

அவர்களுடைய சந்ததியார் இன்று ஒரு கேள்விக்கு விடை தேடுகிறார்கள்.

"எங்கள் பாட்டன் பிறந்த ஊர் எது?"

கால்வாய் வெட்டினார்கள்

1822-ம் ஆண்டில் ஹியூ கம்மிஸ்கி என்ற அயர்லாந்துக்காரர், 30 கூலியாட்களுடன் சுமார் 25 மைல் நடந்தே அங்கு வந்தார். அவர்கள் கால்வாய் வெட்டினார்கள். கால்வாய்த் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரம் தறிகளை ஓட்டியது.

ஆனால் தறியில் நிற்கும் வேலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது அமெரிக்க விவசாயிகளின் பெண்களுக்கே கிடைத்தது.

கொடிய பஞ்சம்

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுதான் சோறு! பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள்.

அவர்களில் பலர் லோவலுக்கும், பக்கத்து நகரமான லாரன்சுக்கும் வந்தார்கள். குறைந்த கூலிக்கு ஆலை வேலையில் சேர்ந்தார்கள். தினமும் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை!

ஒரே ஒரு சொல்

அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கில், 1850 முதல் குடும்பத்தில் உள்ள எல்லோருடைய பெயரும் இருக்கிறது. ஆனால் பிறந்த இடம்? "அயர்லாந்து" என்ற ஒரே சொல்தான்!

பெயரிலும் குழப்பம். காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். "ஓ'சல்லிவன்", "சல்லிவன்" ஆகிவிட்டார்.

அயர்லாந்தில் தேடலாம் என்றால், அங்கும் ஒரு சோதனை. 1922-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. பஞ்ச காலத்து ஜனத்தொகைக் கணக்கு பெரும்பாலும் சாம்பலாயிற்று.

கைகொடுக்கும் விளம்பரம்

இந்த நிலையில் உதவுவது, பாஸ்டன் நகரப் பத்திரிகையான "பைலட்".

1831 முதல் 1921 வரை அதில் "காணாமற்போன நண்பர்கள்" என்ற தலைப்பில் விளம்பரங்கள் வந்தன. மனைவி கணவனைத் தேடினாள். தாய் மகனைத் தேடினாள். அக்காள் தம்பியைத் தேடினாள். தேடப்படுகிறவரின் மாவட்டம், ஊர், கடைசியாக இருந்த இடம் ஆகியவற்றை அதில் எழுதினார்கள்.

அமெரிக்கக் கணக்கேட்டில் இல்லாத ஊர்ப் பெயர் இங்கே இருக்கிறது! சிலருக்குக் கல்லறைக் கல்லிலும் அது கிடைக்கிறது.

ஊர் தெரிந்துவிட்டால் வழி திறந்துவிடும். அந்த ஊர் மாதா கோவிலின் ஞானஸ்நான ஏட்டைப் பார்க்கலாம். அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் கத்தோலிக்கக் கோவில்களின் பழைய ஏடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டது.

அன்று தம்பியைத் தேடி அக்காள் விளம்பரம் கொடுத்தாள். இன்று அது அந்தத் தம்பியின் சந்ததிக்குச் சொந்த ஊரைக் காட்டிக் கொடுக்கிறது!