மீண்டும் ஊர்ந்து வந்த பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் ஊரே கூடி ஆசையோடு வளர்த்த பாம்பு ஒன்றும் உண்டு. நோக்கியா செல்போனின் சிறிய திரையில், எண் பொத்தான்களின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, இரை தேடி ஊர்ந்த பாம்புதான் அது. நம் பெற்றோரும் சித்தப்பாமாரும் அத்தைமாரும் தம் இளமையில் பேருந்திலும் இரயிலிலும் அந்தப் பாம்பை வளர்த்தவர்களே. சில காலம் உறங்கிப்போன அது, 2017-ஆம் ஆண்டில் மீண்டும் தலைதூக்கியது.

உறங்கிப்போன ஒரு விளையாட்டை மறுபடியும் எழுப்புவது எப்படி? அவ்வாறு எழுப்பும்போது எது திரும்பி வருகிறது, எது திரும்பாமலே போகிறது? இவ்விரு கேள்விகளுக்கும் இக்கட்டுரையில் விடை தேடுவோம். இது எங்கோ தொலைதேசத்தில் நடந்த கதை மட்டுமன்று. நம் திருவள்ளூர் மாவட்டத்திற்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையும், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையும் இக்கதையில் வருகின்றன.

பாம்பு பிறந்த கதை

இவ்விளையாட்டின் பாட்டி அமெரிக்காவில் பிறந்தவள். 1976-ஆம் ஆண்டில் கிரெம்லின் என்ற நிறுவனம், நாணயம் போட்டு விளையாடும் பெரிய இயந்திரங்களுக்காக 'பிளாக்கேட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் இருவர் எதிரெதிரே ஆடுவர். ஒவ்வொருவரும் செல்லும் வழியெல்லாம் பின்னால் ஒரு சுவர் எழும்பிக்கொண்டே வரும். சுவரில் மோதியவர் தோற்றார்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனத்தில் பொறியாளராயிருந்த தனேலி அர்மான்டோ, அக்கருத்தைச் செல்போனுக்கு ஏற்றவாறு எழுதினார். 1997-இல் வந்த நோக்கியா 6110 என்ற செல்போனில் மூன்று விளையாட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றே 'ஸ்நேக்'. 2000-ஆம் ஆண்டில் வெளியான நோக்கியா 3310-இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. அதில் பாம்பு திரையின் ஒரு விளிம்பில் மறைந்து மறு விளிம்பில் வெளிப்படும். 3310 செல்போன் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 கோடியே 60 இலட்சம் விற்றது என்றால், அந்தப் பாம்பு எத்தனை கைகளில் ஊர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! பின்னர் 'ஸ்நேக் ஜென்சியா' என்ற பெயரில் விலை குறைந்த செல்போன்களிலும் அது குடியேறியது. விளையாட்டுக்கென்றே நோக்கியா செய்த 'என்-கேஜ்' என்ற கைக்கருவியிலும் 2005-இல் முப்பரிமாணப் பாம்பாக உருவெடுத்தது.

பாம்பு ஊர்வது எப்படி?

பழைய 3310-இன் திரையில் குறுக்கே 84 புள்ளிகள், நெடுக்கே 48 புள்ளிகள். மொத்தம் 4,032 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பாயிருக்கும், அன்றேல் வெறுமையாயிருக்கும். எட்டுப் புள்ளிகளின் நிலையைக் குறிக்க ஒரு பைட் போதும். ஆகவே முழுத் திரையின் படமும் 504 பைட்டில் அடங்கிவிடும். கணிப்பொறியில் தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு இன்று வழக்கமாக மூன்று பைட் தேவைப்படுகிறது. அக்கணக்கில் பார்த்தால், பாம்பும் இரையும் சுவரும் குடியிருந்த அந்த இடத்தில் இக்கட்டுரையின் நான்கு வரிகளைக்கூட எழுத முடியாது!

இத்தனை சிறிய இடத்தில் நீண்ட பாம்பு எப்படி நெளிந்து ஓடியது? இதைக் கணிப்பொறி இல்லாமலே அறியலாம். நாங்கள் ஒரு கட்டத்தாளையும் ஒரு பிடி புளியங்கொட்டையையும் வைத்துச் செய்து பார்த்தோம். நீங்களும் செய்து பாருங்கள்.

அடுத்தடுத்த ஐந்து கட்டங்களில் ஐந்து கொட்டைகளை வையுங்கள். இதுவே பாம்பு. ஒரு முனை தலை, மறுமுனை வால். இப்போது பாம்பு ஓர் அடி முன்னேற வேண்டும். ஐந்து கொட்டைகளையும் நகர்த்த வேண்டுமா? வேண்டியதில்லை. வாலில் உள்ள கொட்டையை எடுத்துத் தலைக்கு முன்னே உள்ள கட்டத்தில் வைத்துவிடுங்கள். பாம்பு முழுவதும் ஓர் அடி ஊர்ந்துவிட்டது! நடு உடல் அசையவேயில்லை. ஐந்து கொட்டையாயினும் ஐந்நூறு கொட்டையாயினும் வேலை ஒன்றுதான்.

இரை தின்றால் பாம்பு வளர வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? இரை இருந்த கட்டத்தில் புதிய கொட்டை ஒன்றை வையுங்கள். ஆனால் அந்த ஒரு முறை வாலை எடுக்காதீர்கள். பாம்பு ஒரு கட்டம் நீண்டுவிடும். தலை வைக்க வேண்டிய கட்டத்தில் ஏற்கெனவே ஒரு கொட்டை இருந்தால் பாம்பு தன்னைத் தானே கடித்துக்கொண்டது என்று பொருள். ஆட்டம் முடிந்தது.

விதிகள் இவ்வளவே. ஆயினும் ஆடுபவருக்கு இதில் பெரிய சோதனை இருக்கிறது. வெற்றி பெறப் பெறப் பாம்பு நீளும். நீள நீள வழி குறுகும். தன் வளர்ச்சியே தனக்குத் தடையாகும். பரமபதப் பாம்பு நம்மைக் கீழே இறக்குவது தாயக்கட்டையின் செயல். செல்போன் பாம்பு மடிவதோ நம் அவசரத்தாலும் பேராசையாலும்தான். எளிய விதியில் இத்தனை ஆழம் இருந்ததே இவ்விளையாட்டு நிலைத்ததற்குக் காரணம்.

தெற்கே ஒரு தொழிற்சாலை

இந்தியாவில் செல்போன் பரவிய காலத்தில், நோக்கியா நிறுவனம் 2005-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, நம் மாவட்டத்தை அடுத்துள்ள ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை அமைத்தது. 2006 ஜனவரியில் அங்கு உற்பத்தி தொடங்கியது. நாளடைவில் அது அந்நிறுவனத்தின் மிகப்பெரிய ஆலைகளுள் ஒன்றாயிற்று. அங்கு வேலை செய்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்தும் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். விடியற்காலையிலும் நள்ளிரவிலும் முறை மாற்றி அவர்களை ஏற்றி இறக்கிய கம்பெனிப் பேருந்துகளை நம் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். பல குடும்பங்களில் தம்பியின் படிப்பும் அக்காளின் திருமணமும் அந்தச் சம்பளத்தில் நடந்தேறின.

பாம்பு உலாவிய செல்போன்களைப் பொருத்திச் சோதித்துப் பெட்டியில் இட்டு உலகிற்கு அனுப்பியதில் நம் அண்டை வீட்டு அக்காமார்களின் விரல்களுக்கும் பங்குண்டு. இதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

உறக்கம்

2007-இல் ஐபோன் வந்தது. அதைத் தொடர்ந்து தொடுதிரைச் செல்போன்கள் பெருகின. பொத்தான்கள் மறைந்தன. பாம்பை ஓட்ட 2, 4, 6, 8 என்ற நான்கு பொத்தான்கள் போதும்; கட்டை விரல் தானாகவே இடமறியும். வழுக்கும் கண்ணாடியில் அந்தச் சுகம் இல்லை. பாம்பு மெல்ல மெல்ல நினைவுப் பொருளாயிற்று.

நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரலில் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையோ வரி வழக்கில் சிக்கியிருந்ததால் அந்த விற்பனையில் சேரவில்லை. சில மாதங்கள் ஒப்பந்த முறையில் ஓடிய ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் நாளோடு உற்பத்தியை நிறுத்தியது. இழப்பீடு பெற்றுக்கொண்டு பெண்கள் வீடு திரும்பினர். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பலர், சில ஆண்டு அனுபவம் இருந்தும் 'இனி என்ன செய்வது?' என்று திகைத்து நின்றனர்.

மறுபிறவி

2016-இல் மைக்ரோசாஃப்ட் தன் சாதாரணச் செல்போன் தொழிலை 35 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் பின்லாந்தின் எச்.எம்.டி. நிறுவனமும், ஃபாக்ஸ்கானைச் சேர்ந்த எஃப்.ஐ.எச். நிறுவனமும். நோக்கியாவின் பெயரைத் தாங்கிப் புதிய செல்போன்கள் வரத் தொடங்கின. 2017 பிப்ரவரியில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரக் கண்காட்சியில் புதிய 3310 அறிமுகமானது. அதில் பாம்பு விளையாட்டும் இருந்தது! பிரான்சு நாட்டின் கேம்லாஃப்ட் நிறுவனம் அதற்கு வண்ணமூட்டிப் புத்துயிர் அளித்திருந்தது. அதே ஆண்டு மே 18 அன்று அச்செல்போன் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. விலை என்ன தெரியுமா? ரூபாய் 3,310!

புதிய திரையில் 240-க்கு 320, அதாவது 76,800 புள்ளிகள். பழையதைப் போல் ஏறத்தாழ 19 மடங்கு. ஆனால் விதி அதேதான்: தலையில் ஒன்று சேர், வாலில் ஒன்று எடு. பொத்தான்களும் திரும்பி வந்தன. விதியையும் விரலையும் ஒருங்கே மீட்டதால்தான் பாம்பு மீண்டது.

அந்நாளில் நோக்கியா பெயர் கொண்ட செல்போன்கள் நம் நாட்டிலேயே பொருத்தப்பட்டது எங்கே தெரியுமா? கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆரம்பாக்கத்தைக் கடந்து, ஆந்திர எல்லைக்குள் தடாவுக்கு அருகிலுள்ள ஸ்ரீசிட்டியில். அங்கே ஃபாக்ஸ்கான் 2015-இல் தொழிற்சாலை தொடங்கியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் மூடிய கதவு, வேறோர் ஊரில், வேறோர் நிறுவனத்தின் கையில், வேறு பெண்களுக்காகத் திறந்தது. பழைய ஆலையைச் சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கிச் செல்போன் சார்ஜர்கள் செய்யப்போவதாக 2019-இல் அறிவிப்பு வந்தது. கட்டடத்திற்கும் மறுவாழ்வு கிடைத்தது. ஆனால் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அங்கே உழைத்தவர்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்துவிட்டனர்.

ஜப்பானில் ஒரு சிறகுச் சிறுவன்

இத்தகைய நிலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986-இல் 'கிட் இகாரஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. சிறகுள்ள சிறுவன் ஒருவன் தன் தேவதைக்காகப் போரிடும் கதை அது. 1991-இல் 'கேம் பாய்' என்ற கைக்கருவிக்காக இன்னொரு பாகம் வந்தது. அதன்பின் நீண்ட உறக்கம். 21 ஆண்டுகள் கழித்து, 2012-இல், மசாஹிரோ சகுராய் என்பவர் '3டிஎஸ்' என்ற கைக்கருவிக்காக அதை மீட்டெடுத்தார். பழைய பாத்திரங்களை வைத்துக்கொண்டு ஆட்ட முறையை அடியோடு மாற்றினார். ஒரு கையில் கருவியைத் தாங்கி, மறுகையில் எழுதுகோல் போன்ற குச்சியால் குறிபார்க்க வேண்டியிருந்ததால் கை வலிக்கும் என்று கருதி, கருவியை நிறுத்திவைக்க ஒரு தாங்கியையும் விளையாட்டோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பழைய விளையாட்டை எழுப்புகிறவர் ஆடுபவரின் கையையும் நினைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்பணிக்காகவே 2009-இல் தொடங்கிய 'புராஜெக்ட் சோரா' என்ற நிறுவனம், விளையாட்டு வெளியான சில மாதங்களில், 2012-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் மூடப்பட்டது. விளையாட்டு எழுந்தது, எழுப்பிய குழு கலைந்தது.

நமக்கு என்ன பாடம்?

விளையாட்டு மறுபிறவி எடுக்க முடிந்தது எதனால்? அதன் விதி எழுதி வைக்கப்பட்டிருந்தது. நம் பெற்றோரின் நினைவிலும் பதிந்திருந்தது. எழுதப்பட்ட விதிக்கு முதுமை இல்லை. இருபது ஆண்டுகள் கழித்தும் எவரும் அதைப் படித்து உயிர்கொடுக்கலாம். ஆனால் அக்கருவிகளைப் பொருத்திய விரல்களின் தேர்ச்சி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. எந்தச் சில்லு எந்தக் கோணத்தில் சரியாக அமரும், எந்த ஓசை பழுதைக் காட்டும் என்று அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள். ஆலை மூடியபோது அந்த அறிவும் அவர்களோடு வீட்டிற்குள் போய்விட்டது. பாம்பு மீண்டது, அந்த எட்டாண்டு மீளவில்லை.

ஆகவே தோழியரே, தொழிற்சாலை வேலையை நாம் ஒருபோதும் தாழ்வாக எண்ண வேண்டாம். நம்மில் பலர் நாளை அங்கே செல்லக்கூடும். ஆனால் செல்லும்போது கருவியைப் பொருத்துவதோடு நில்லாமல், அதனுள் ஓடும் விதியையும் கற்றுக்கொள்வோம். கையால் கற்றதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். ஆலை ஒன்று மூடினாலும் அந்த அறிவு நம்மோடு இன்னொரு வாசலுக்கு நடந்து வரும்.

'விளையாட்டு வீண்பொழுது' என்று வருந்தும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை மணிக்கணக்கில் ஆடினால் தடுங்கள். ஆனால் அவ்விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று அவள் கேட்டால் தடுக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைதான் மொழி பாடமாக உள்ளது. அதில் பட்டியல் ஒன்றின் கடைசியில் சேர்க்க 'அப்பெண்ட்', பட்டியலிலிருந்து எடுக்க 'பாப்' என இரு கட்டளைகளைக் கற்கிறோம். கடைசியில் சேர்ப்பதைத் தலையாகவும், முதலில் இருப்பதை வாலாகவும் கொண்டால், புளியங்கொட்டைப் பாம்பு கணிப்பொறியில் ஊர்ந்துவிடும். அந்தச் சிறிய விதியை இன்று தன் கையால் எழுதிப் பார்க்கும் மாணவி, நாளை தானே ஒரு புதிய விளையாட்டை ஆக்குவாள். திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் செய்யப்படும் கருவிகளில், நம் ஊர்ப் பெண் எழுதிய விளையாட்டும் ஒருநாள் ஓடட்டும்!