நகராண்மைக் கழகத்தின் கணக்கை யார் கேட்பது?



ஆண்டுக்கு இரு முறை நம் வீட்டுக்கு வரும் ஒரு கடிதத்தைப் பற்றி இன்று சிந்திப்போம். அதுதான் மதிப்பீட்டு வரிக் கடிதம். பேச்சு வழக்கில் இதைச் 'சுக்காய் பிந்து' என்கிறோம். முதல் பாதியைப் பிப்ரவரி மாத இறுதிக்குள்ளும், மறு பாதியை ஆகஸ்டு மாத இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நம்மில் பலர் இக்கடிதத்தைக் கண்டதே இல்லை. லயத்துச் சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தன. குறை இருந்தால் மண்டோரிடமோ கிராணியிடமோ சொன்னோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போய், தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்த பிறகே நாம் வரி கட்டுவோர் ஆனோம். ஆனால் கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் இன்னும் நமக்கு வரவில்லை.

இவ்வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது? நம் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இதுவே ஆண்டு மதிப்பு. அதில் ஒரு விழுக்காடு வரியாகும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மாத வாடகை 500 ரிங்கிட் எனில் ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட். வரி விகிதம் 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 240 ரிங்கிட். அதே மதிப்புள்ள 200 வீடுகள் ஒரு தாமானில் இருந்தால், அந்தத் தாமான் மட்டும் ஆண்டுக்கு 48,000 ரிங்கிட் கட்டுகிறது. பள்ளியில் நாம் கற்பிக்கும் விழுக்காட்டுக் கணக்குப் போதும். நம் பிள்ளைகளே இதைச் சரிபார்த்துவிடுவார்கள்.

அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? இக்கேள்வியை நம் நாடு ஒரு காலத்தில் மிக ஆழமாக ஆராய்ந்தது. ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன் அவர்கள்.

1951இல் ஜோர்ஜ் டவுனிலும், 1952இல் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடந்தன. பிறகு மற்றப் பட்டணங்களிலும் மக்கள் தங்கள் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இந்தோனேசியாவுடன் ஏற்பட்டிருந்த மோதலைக் காரணம் காட்டி, இத்தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. சில மன்றங்களில் முறைகேடுகள் நடப்பதாகவும் அப்போது புகார்கள் எழுந்திருந்தன. ஆகவே, ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அதே 1965இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆணையம் 1968இல் தன் அறிக்கையை நிறைவு செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் உண்டு என்பதை அது மறைக்கவில்லை. ஆயினும் அக்குறைகளோடு சேர்த்துப் பார்த்தாலும், நியமிக்கப்பட்ட மன்றங்களைவிடத் தேர்ந்தெடுக்கப்பட்டவையே மேலானவை என்ற முடிவுக்கு வந்தது. காரணம் எளிது. நியமனம் பெற்றவர் நியமித்தவரின் முகத்தைப் பார்ப்பார்; வாக்குப் பெற்றவர் வாக்களித்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அரசாங்கம் இப்பரிந்துரையை ஏற்கவில்லை. நாடாளுமன்றம், சட்டமன்றம் ஆகிய இரண்டுக்கும் தேர்தல் நடக்கும்போது மூன்றாவதாக ஒன்று மிகையாகும் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் முறையை நிலைநாட்டியது. பினாங்கு மாநிலம் 2012இல் தேர்தலை மீட்கத் தனிச் சட்டம் இயற்றியபோதும், 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது வெற்றி பெறவில்லை.

அப்படியானால் நம் கைகள் கட்டப்பட்டுவிட்டனவா? இல்லை. வாக்குச் சீட்டு இல்லாவிட்டாலும் சட்டம் நமக்குச் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது, கூட்டம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை. நாம் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

இரண்டாவது, மதிப்பீடு. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராகும்போது நமக்கு அறிவிப்பு வரும். வீட்டின் மதிப்பு மிகையாகப் போடப்பட்டிருந்தால், மறு ஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வாய்ச் சொல் போதாது. நாள் தவறினாலும் பயனில்லை.

மூன்றாவது, திட்டமிடல். இதுவே மிக முக்கியம். எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது பள்ளிக்கு, எது வழிபாட்டுக்கு என்பதை உள்ளூர்த் திட்ட வரைவு காட்டுகிறது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி, இறுதி முடிவுக்கு முன் அவ்வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அறிவிப்பில் குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் எழுதித் தரலாம். தோட்டத்துக் கோயில்கள் பல, வழிபாட்டு நிலம் என்று பதிவு பெறாத இடங்களிலேயே நெடுங்காலம் நின்றன. நிலம் கைமாறிய பின்னரே நாம் விழித்துக்கொண்டோம். மண்வெட்டி இயந்திரம் வந்த பிறகு கூடும் ஆயிரம் பேரைவிட, வரைபடம் விரிக்கப்பட்ட நாளில் போய்ப் பார்க்கும் பத்துப் பேர் அதிகம் சாதிக்கலாம்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதன்று. தோட்டத்துத் திருவிழா முடிந்ததும் கோயில் பொருளாளர் கூட்டத்தில் வரவு செலவை வாசிப்பார். தேங்காய்க்கு இவ்வளவா, பந்தலுக்கு இவ்வளவா என்று கடைசி வரிசையிலிருந்தும் கேள்வி வரும். அதை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ரசீதை எடுத்துக் காட்டுவார். அடுத்த ஆண்டும் நன்கொடை குறையாமல் வருவது அதனால்தான்.

கோயிலுக்குக் கொடுத்த பத்து ரிங்கிட்டுக்குக் கேட்கிற நாம், மன்றத்துக்குக் கட்டிய 240 ரிங்கிட்டுக்கு ஏன் வாய் மூடியிருக்க வேண்டும்? தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதுவோம். தேர்தல் வரும் நாள் வரட்டும். அதுவரை கேள்வியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.