பக்கத்துக் கடை நம்ம வாசலுக்கு வந்துட்டா?



குழுக் கடன் வாங்கி, வாடகைக்கு இடம் பிடித்து, டிபன் கடையோ தையல் கடையோ போடுகிறோம். ஆறு மாதத்தில் பக்கத்துக் கடைக்காரர் தகர ஷீட்டை நம்ம வாசல்மேல் நீட்டுகிறார். அடுத்து போர்டு, அப்புறம் படிக்கட்டு. வருகிறவங்களுக்கு நம்ம கடையே தெரியாது. வியாபாரம் படுத்துவிடும், தவணை மட்டும் நிற்காது.

கோபத்தில் நாமே ஷீட்டைப் பிடுங்கினால் கேஸ் நம்ம மேல் திரும்பும். முதலில் அது யார் இடத்தில் நிற்கிறது என்று பார்க்கணும்.

புதுச்சேரியில் இதுவே ஒரு சிக்கல். தமிழர் பகுதியில் திண்ணையும் தூண் வைத்த தாழ்வாரமும் தெருப் பக்கம் நீண்டிருப்பது பழைய வழக்கம். வைசியாள் வீதியில் இன்றும் பார்க்கலாம். பழைய பத்திரம் பிரெஞ்சில் இருக்கும், அளவு குழிக் கணக்கில் (ஒரு குழி 576 சதுர அடி). இப்போதைய ஆவணத்திலோ எக்டர், ஆர், சென்டியார். ஒரு சென்டியார் 1 சதுர மீட்டர். கண் அளவு உதவாது. வீட்டு உரிமையாளரை நில அளவைத் துறையில் மனு போட்டு அளக்கச் சொல்லுங்க.

நம்ம இடம்தான் என்று தெரிந்தால், மேலே தொங்கும் போர்டும் ஆக்கிரமிப்புதான். தேதியோடு போட்டோ எடுத்து, எழுத்தில் நோட்டீஸ் அனுப்பணும். கேட்கவில்லை என்றால், அகற்றச் சொல்லி சிவில் கோர்ட்டில் உத்தரவு கேட்கலாம்.

"நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6-ஆவது பிரிவின்படி, அனுபவத்தில் இருந்த இடத்தை ஒருவர் சட்டப்படி அல்லாமல் பறித்தால், வாடகைதாரரே வழக்குப் போடலாம். சொத்துரிமையை நிரூபிக்க வேண்டாம். ஆனால் 6 மாதத்துக்குள் போடணும். உரிமையாளரும் சும்மா இருக்கக் கூடாது. பிறர் தனதென்றே வெளிப்படையாக 12 வருடம் அனுபவித்தால் உரிமையே போய்விடலாம்.

நீட்டியிருப்பது தெருவில் என்றால் புதுச்சேரி அல்லது உழவர்கரை நகராட்சியில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்க. ஞாயிறு சந்தையில் தெருவோரம் விற்கும் தோழிகளுக்குத் தனிச் சட்டம், 2014-இல் வந்தது. இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் தரணும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தரணும்.

வக்கீல் பீஸ் பயம் வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போகும்போது வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், போட்டோ எல்லாம் எடுத்துப் போங்க. லோக் அதாலத்தில் பேசி முடித்தால் கோர்ட் கட்டணமும் கிடையாது.