வந்தவர் உபசரிக்கும் கூடம்

பெர்லின் பெர்கமோன் அருங்காட்சியகத்தின் இஸ்லாமியக் கலைப் பிரிவில் 'அலெப்போ அறை' என்று ஒன்று உண்டு. சிரியாவின் அலெப்போ நகரில் ஒரு கிறிஸ்தவ வணிகர், வீட்டுக்கு வருவோரை உட்காரவைத்துப் பேசும் கூடத்துக்காக 1600-க்கும் 1603-க்கும் இடையில் செய்வித்த மரச்சுவர்கள் அவை. குழந்தை இயேசுவுடன் மரியாள், மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாம், லைலா–மஜ்னூன், விவிலியச் சங்கீத வரிகள், அரபுப் பழமொழிகள் எல்லாம் ஒட்டோமான் காலப் பூவேலைகளுக்கு நடுவே அவற்றில் இடம்பெற்றிருக்கின்றன. 1912-ல் பெர்லின் அருங்காட்சியகத்துக்காக அவற்றை விலைக்கு வாங்கினார்கள். விருந்தினருக்காகச் செய்த அந்தக் கூடத்தில் இப்போது யாரும் உட்கார முடியாது. நானூறு ஆண்டு பழமையான வண்ணப் பூச்சைக் காப்பாற்ற வேறு வழியும் இல்லை.

2015-ல் போரிலிருந்து தப்பிய சிரியர்களும் இராக்கியர்களும் லட்சக்கணக்கில் ஜெர்மனிக்கு வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினில் 'முல்தகா' என்ற திட்டம் தொடங்கியது. 'சந்திக்கும் இடம்' என்று அதற்குப் பொருள். அகதிகளாக வந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து, பெர்கமோன் உட்பட நகரின் அருங்காட்சியகங்களில் அரபு மொழி வழிகாட்டிகள் ஆக்கினார்கள். சுவரோ விளக்கோ எதுவும் மாறவில்லை. நேற்று வரை உதவி கேட்டு வரிசையில் நின்றவர், இன்று கூடத்தின் நடுவில் நின்று மற்றவர்களை உள்ளே அழைக்கிறார். அரபுக் குடியேறிகளுடன் உரையாடல் வளர ஒரு பண்பாட்டு மையம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இடமாற்றத்தைத்தான். வந்தவர் என்றைக்கும் விருந்தாளியாகவே இருந்தால் அவர் நன்றி சொல்லலாம். மனம்விட்டுப் பேசுவது கடினம். அவர் உபசரிப்பவராக மாறவும் அந்தக் கட்டடத்தில் இடம் வேண்டும்.

வழக்கமாக நடப்பது வேறு. லாட வடிவ வளைவு, பித்தளை விளக்கு, நட்சத்திரக் கோலமிட்ட ஓடு ஆகியவற்றை வைத்து 'அரபுச் சாயல்' கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். மொராக்கோக்காரரின் வீடும் இராக்கியரின் வீடும் ஒன்றல்ல. அரபு மொழி பேசுவோரில் முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. சிரியாவிலிருந்து வந்த எல்லோரும் அரபியரும் அல்லர், குர்துகளும் இருக்கிறார்கள். பொதுவான ஓர் அலங்காரம் இவர்களில் யாருக்கும் சொந்த வீட்டை நினைவூட்டாது.

பாரிஸின் அரபு உலக நிறுவனத்தைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ழான் நுவெலும் அவருடன் சேர்ந்த கட்டடக் கலைஞர்களும் வடிவமைத்து 1987-ல் திறந்த கட்டடம் அது. மரச்சல்லடைச் சாளரமான மஷ்ரபியாவைத் தழுவி, வெயிலுக்கு ஏற்பத் திறந்து மூடும் 240 உலோகப் பலகைகளைத் தெற்குச் சுவரில் பொருத்தினார்கள். மஷ்ரபியாவின் வேலை உள்ளே இருப்பவருக்கு வெளியுலகைக் காட்டி, அவரை மற்றவர் பார்வையிலிருந்து மறைப்பது. பாரிஸ் சுவர் அந்த வடிவத்தை அழகாக எடுத்துக்கொண்டது, அந்த வேலையை அல்ல. பிரான்சும் அரபு நாடுகளும் சேர்ந்து எழுப்பிய அரசுச் சின்னம் என்ற வகையில் அது வெற்றிதான். புறநகரில் வாழும் அல்ஜீரியக் குடும்பம் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசும் கூடத்துக்கு அதை முன்மாதிரியாக நான் கொள்ள மாட்டேன்.

அத்தகைய கூடத்துக்கு நாற்காலிகளே முதல் கேள்வி. அடைக்கலம் கேட்டு வந்தவர் பார்த்த அறைகளை எண்ணிப் பாருங்கள்: கண்ணாடித் தடுப்பு வைத்த கவுன்டர், எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, நடுவில் மேசை, எதிரே கேள்வி கேட்கும் அதிகாரி. பண்பாட்டு மையத்திலும் அதே அமைப்பு இருந்தால் அது விசாரணையைத்தான் நினைவூட்டும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு மஜ்லிஸ் தெரியும். சுவரை ஒட்டிச் சுற்றிலும் மெத்தை, நடு இடம் காலி, யாருக்கும் யாரும் முதுகு காட்டுவதில்லை. 2015-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மையத்தின் கூடத்தையும் இப்படி அமைத்தால் புதிதாக வருபவர் எந்த ஓரத்திலும் உட்காரலாம், பேசாமலும் இருக்கலாம். தரையில் உட்கார முடியாத முதியவர்களுக்காக உயரமான இருக்கைகளையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். தனியாக ஒதுக்கக் கூடாது. போரைக் கண்டவர்களுக்கு வாசல் கண்ணில் படும்படி சில இருக்கைகள் இருப்பதும் அவசியம்.

அடுத்தது ஒலி. கட்டடக் கலைஞர்கள் அதிகம் புறக்கணிப்பது இதைத்தான். அரைகுறையாகக் கற்ற மொழியில் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்பவருக்கு எதிரொலி பெரிய எதிரி. தாய்மொழியில் விடுபட்ட ஒலியை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். புதிய மொழியில் அது அவ்வளவு எளிதாக நடக்காது. வழக்கமான அளவுள்ள வகுப்பறைகளில் எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தரநிலை. பளிங்குத் தரையும் உயர்ந்த கூரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள கூடம் இதற்கு நேர்மாறானது. கம்பளம், துணித் திரை, புத்தக அலமாரி, ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகை ஆகியவை அலங்காரச் செலவு என்று வெட்டப்படக் கூடாதவை.

பிறகு சமையலறை. அது பின்கட்டில் ஒளிந்திருக்காமல் கூடத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். ஏலக்காய் போட்ட காப்பியைக் குடியேறி ஒருவர் ஊற்றிக் கொடுக்கும்போது கொடுப்பவர் அவர், வாங்குபவர் உள்ளூர்க்காரர். வாடகைக்கு விடும் வணிகக் காப்பிக் கடையை அந்த இடத்தில் வைத்தால் இந்த வாய்ப்பு போய்விடும்.

பெயர்ப்பலகைகளில் அரபு எழுத்தை ஒட்டுவேலையாகச் சேர்க்கிறார்கள். வலமிருந்து இடமாக, எழுத்துகள் கைகோத்து வரவேண்டிய மொழி அது. பொருந்தாத மென்பொருளில் அவை தனித்தனியாக உடைந்து, திசையும் தலைகீழாகிவிடும். கொம்பும் காலும் இடம் மாறிய தமிழ்ப் பலகையைப் பார்த்து நமக்கு வரும் வருத்தமே அவர்களுக்கும் வரும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் 2005-ல் திறந்த அரபு அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. 1971-ல் அங்குள்ள அரபுச் சமூகம் தொடங்கிய 'ஆக்சஸ்' என்ற சேவை அமைப்பே அதை உருவாக்கியது. நடுவில் நீரூற்றோடு முற்றம், சுற்றிலும் குடியேறிய குடும்பங்களின் கதை. அங்கே கூட்டத்தைக் கூட்டுகிறவர்களும் அந்தச் சமூகத்தினரே.

ஆகவே, இப்படியொரு மையத்துக்குத் திட்டமிடும் நகராட்சிகளுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடம் முடிந்த பிறகு கருத்துக் கேட்க அழைக்காதீர்கள். முதல் கோடு போடும் முன்பே குடியேறிகளில் பெண்களையும் இளைஞர்களையும் முதியவர்களையும் அழையுங்கள். கட்டடக் கலைஞருக்குக் கொடுப்பதுபோல் அவர்கள் செலவிடும் நேரத்துக்கும் ஊதியம் கொடுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.