ராக்கெட்டின் தலையில் ஒரு குட்டி விமானம்

எண்ணூர் கடற்கரையிலிருந்து வடக்கே போனால், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா.

2016 மே 23 காலை 7 மணிக்கு அங்கிருந்து கிளம்பிய ராக்கெட்டின் தலையில் இறக்கை முளைத்த ஆளில்லா விமானம் ஒன்று அமர்ந்திருந்தது. நீளம் 6.5 மீட்டர், எடை 1.75 டன். திட எரிபொருள் ராக்கெட் 91 விநாடி எரிந்து, பிறகு கழன்றுகொண்டது. விமானம் 65 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுத் திரும்பியது. ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து, சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி வங்கக்கடலில் இறங்கியது. மொத்தப் பயணம் 770 விநாடி. மீண்டும் பயன்படுத்தக்கூடிய ஏவுகலத்துக்காக இஸ்ரோ நடத்திய முதல் சோதனை அது.

ரிமோட் விமானத்தில் மாதிரி ராக்கெட்டைப் பொருத்திப் பார்க்கும் ஆர்வலர்கள் சந்திக்கும் சவால்களும் இந்தச் சோதனையின் சவால்களைப் போன்றவையே. புரொப்பல்லர் சீராக இழுக்கும். சிறிய ராக்கெட்டோ சில விநாடிகளில் மொத்த விசையையும் கொட்டிவிடும். அந்த விசை விமானத்தின் எடை மையத்தை விட்டு விலகினால் மூக்கு மேலோ கீழோ திரும்பிவிடும். எரிபொருள் தீரத் தீர எடை மையமும் நகரும். வேகம் கூடும்போது, வால் சுக்கானின் சிறு அசைவுகூட விமானத்தைப் புரட்டிவிடும்.

இஸ்ரோ படிப்படியாகத்தான் முன்னேறியது. 2023 ஏப்ரல் 2 அன்று சித்ரதுர்காவில், சினூக் ஹெலிகாப்டர் 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்த விமானம் தானாகவே ஓடுதளத்தில் இறங்கியது. 2024 மார்ச்சிலும் ஜூனிலும் ‘புஷ்பக்’ என்று பெயரிடப்பட்ட இஸ்ரோவின் இறக்கை விமானம் அதைவிடக் கடினமான தரையிறக்கங்களை முடித்தது.

சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகங்களும் நெருங்கி நிற்கும் வடசென்னையில் மாதிரி ராக்கெட்டுக்காக வீட்டு மாடியில் வெடிமருந்து கலக்க வேண்டாம், பிள்ளைகளே. நீங்களும் படிப்படியாகவே போங்கள்: முதலில் தெர்மக்கோல் கிளைடரைக் கையால் எறிந்து, எடை மையத்தைக் கண்டுபிடியுங்கள்.