கத்துபவர் காத்திருக்கலாம்

உயிர் ஊர்தி – 6

போன வாரம் சம்பவ இடத்தின் பாதுகாப்பைப் பார்த்தோம். கையுறை போட்டாயிற்று, வண்டியை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தியாயிற்று, அறுந்து தொங்கும் மின்கம்பி எதுவும் இல்லை என்று உறுதியும் செய்தாயிற்று. இனி அடிபட்டவரிடம் போக வேண்டும். எவரிடம் முதலில்?

அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு வருபவர்கள் முன்னால் வைக்க வேண்டிய முதல் கணக்கு இது. இரவு 9 மணி, நான்கு வழிச்சாலை. இரண்டு பேர் போன பைக் தடுப்புச் சுவரில் மோதியிருக்கிறது. ஒருவர் சாலையோரம் உட்கார்ந்து, வளைந்துபோன காலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறது. கூட்டம் முழுக்க அவரைச் சுற்றித்தான் நிற்கிறது. பத்தடி தள்ளி இன்னொருவர் மல்லாந்து கிடக்கிறார். வெளியே பெரிய காயம் எதுவும் இல்லை. குறட்டை விடுகிறார்.

“அவருக்கு ஒண்ணுமில்ல சார், போதையில தூங்குறாரு. மொதல்ல இவரைப் பாருங்க” என்று ஒருவர் கையைப் பிடித்து இழுக்கிறார்.

யாருக்கும் கால் அந்தக் காலை நோக்கித்தான் போகும். போகக்கூடாது. அலறுகிறவர் தன் அலறலாலேயே சில தகவல்களைச் சொல்லிவிட்டார்: தொண்டையில் அடைப்பில்லை, நுரையீரல் காற்றை இழுத்துத் தள்ளுகிறது, வலியை உணரும் அளவுக்கு மூளைக்கு ரத்தம் போகிறது. காலிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடிக்கவில்லை என்றால் அவர் சில நிமிடம் பொறுப்பார். குறட்டை விடுகிறவருக்கு அந்த அவகாசம் இல்லை.

நினைவு தப்பி மல்லாந்து கிடப்பவருக்குத் தாடைத் தசைகள் தளர்ந்துவிடும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையின் பின்சுவரில் படியும். இருக்கிற சின்ன இடைவெளியில் காற்று நுழையும்போது எழும் சத்தம்தான் அந்தக் குறட்டை. பாதை பாதி அடைத்திருக்கிறது என்று பொருள். முழுதும் அடைத்துவிட்டால் சத்தமும் நின்றுவிடும்; கூட்டம் அதைக் கவனிக்காது. பிராணவாயு கிடைக்காத மூளை 4 முதல் 6 நிமிடத்துக்குள் சேதமடையத் தொடங்கும். 108 ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள்ளேயே அதைவிட அதிக நேரம் போயிருக்கக்கூடும்.

இதைச் சரிசெய்யக் கருவி வேண்டாம். தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு முழங்கைகளையும் தரையில் ஊன்ற வேண்டும். காது மடலுக்குக் கீழே தாடை எலும்பு வளைகிற முனை கைக்குத் தட்டுப்படும். இரு கை விரல்களையும் அந்த முனைக்குப் பின்னால் கொடுத்துத் தாடையை மேல்நோக்கித் தூக்க வேண்டும். கட்டை விரல்கள் வாயைத் திறந்து வைத்திருக்கும். கீழ்ப்பற்கள் மேல்பற்களைத் தாண்டி முன்னால் வந்தால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். நாக்கு தாடையோடு சேர்ந்து முன்னால் வரும், குறட்டை நிற்கும். கழுத்து அசையவில்லை. விபத்தில் சிக்காதவராக இருந்தால் நெற்றியைச் சாய்த்து மோவாயைத் தூக்குவதே எளிது. விபத்தில் சிக்கியவருக்குத் தாடையைத் தூக்கியும் பாதை திறக்கவில்லை என்றால், கழுத்தெலும்பைப் பற்றிய பயத்தைத் தள்ளிவைத்துத் தலையைச் சாய்க்கத்தான் வேண்டும். மூச்சுப் பாதைக்குத்தான் முன்னுரிமை.

களகளவென்று சத்தம் வந்தால் உள்ளே ரத்தமோ வாந்தியோ இருக்கிறது. உறிஞ்சும் குழாயைக் கண்ணுக்குத் தெரிகிற ஆழம் வரைதான் விட வேண்டும், ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் கூடாது. உறிஞ்சும்போது மூச்சுக் காற்றையும் சேர்த்தே எடுக்கிறோம். பாதை அடைத்திருக்கும்போது முகமூடியைப் போட்டு ஆக்சிஜனைத் திறந்துவிடுவது, வால்வை மூடி வைத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிட்ட கதைதான்.

இப்படி எதை முதலில், எதை அடுத்து என்று ஒரு வரிசை உலகெங்கும் நிலைபெற்றதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டி வந்த சிறிய விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு குழந்தைகளில் மூவருக்குப் படுகாயம். அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைப் பார்த்து அவர் அதிர்ந்துபோனார். காயம்பட்டவரை எந்த வரிசையில் பார்ப்பது என்பதே அங்கே பழக்கத்தில் இல்லை. அவரும் சக மருத்துவர்களும் சேர்ந்து ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். 1978-ல் நெப்ராஸ்காவிலேயே முதல் வகுப்பு நடந்தது. 1980-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கான பயிற்சிகளும் அதே வழியில் வந்தன.

வரிசை எளியது. ஏ – மூச்சுப் பாதை. பி – மூச்சு. சி – ரத்த ஓட்டம். டி – மூளையின் நிலை. இ – உடையை நீக்கி உடல் முழுவதையும் பார்ப்பது. எது சீக்கிரம் கொல்லுமோ அதற்கு முதலிடம்; இந்த அடுக்குக்குப் பின்னால் இருக்கிற நியாயம் இவ்வளவுதான்.

நியாயம் புரிந்துவிட்டால் வரிசை சில நேரம் மாறுவதும் புரியும். தொடை நாளம் அறுந்து ரத்தம் பீய்ச்சுகிறவர் மூச்சடைத்தவரைவிட வேகமாக இறந்துபோகலாம். இராக், ஆப்கானிஸ்தான் போர்கள் இந்தப் பாடத்தை அழுத்திச் சொன்னபின், பெருக்கெடுக்கும் ரத்தத்தை நிறுத்துவது ஏ-க்கும் முன்னால், எக்ஸ் என்ற எழுத்தில் வந்து உட்கார்ந்தது. காயத்தை அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி இறுக்குப்பட்டை போட்டு, போட்ட நேரத்தை அதிலேயே எழுத வேண்டும். அதேபோல, இதயம் நின்றுபோன பெரியவருக்கு முதலில் நெஞ்சை அழுத்தத் தொடங்கு, மூச்சு பிறகு என்று 2010-ல் அமெரிக்க இதயச் சங்கம் மாற்றியது. ரத்தத்தில் கொஞ்சம் பிராணவாயு மிச்சமிருக்கிறது. அதைச் சுற்றவைக்க ஆள் இல்லை என்பதே அங்கே முதல் சிக்கல்.

இனி நம் குறட்டைக்காரரிடம் வருவோம். பாதை திறந்தது. மூச்சு எப்படி? பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20. நெஞ்சின் இரு பக்கமும் சமமாக எழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு போதவில்லை என்றால் அம்பு பேக், அதாவது கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் பை. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பதற்றத்தில் கை வேகமாக அழுத்தும். காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியைக் கிளப்பும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்புகிற ரத்தமும் குறையும். நெஞ்சு எழும் அளவுக்கு ஒரு விநாடி அழுத்தி, பின் ஆறு விநாடிக்கு ஒரு தடவை, அது போதும்.

அடுத்து ரத்த ஓட்டம். இங்கே ஏமாற்றுவது பி.பி. கருவி. பெரியவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அதில் ஒன்றரை லிட்டர் போகிற வரை, குறிப்பாக இளைஞர்களிடம், ரத்த அழுத்தம் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கக்கூடும். உடல் நாளங்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓட்டிச் சமாளிக்கும். சமாளிக்க முடியாத கட்டத்தில்தான் எண் சரியும். அப்போது நமக்கு மிச்சமிருக்கும் நேரம் குறைவு. முறிந்த தொடை எலும்பைச் சுற்றி மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் தேங்கலாம், வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல். ஆகவே கருவியைக் கட்டும் முன்பே கையைத் தொட வேண்டும். குளிர்ந்து வியர்த்த தோல், மணிக்கட்டில் வேகமாகவும் மெலிந்தும் துடிக்கிற நாடி, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்பாமை – இவை பி.பி.க்கு முன்பே பேசிவிடும்.

நான்காவது, மூளை. கூப்பிட்டால் விழிக்கிறாரா, கிள்ளினால் அசைகிறாரா, எதற்குமே அசைவில்லையா? இரு கண்மணிகளும் ஒரே அளவா? கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் 1974-ல் தந்த அளவுகோலில் 3 முதல் 15 வரை மதிப்பெண்; 8-ம் அதற்குக் கீழும் என்றால் தன் மூச்சுப் பாதையைத் தானே காத்துக்கொள்ள மாட்டார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சாராய வாடை அடிப்பதால் மட்டும் போதை என்று முடிவுகட்டக் கூடாது. குடித்தவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கசியும், சர்க்கரை இறங்கும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கடைசியாக, உடையை வெட்டி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு உடனே போர்த்திவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் போர்வை எதற்கு என்று தோன்றும். ரத்தம் இழந்தவருக்கு ஏசி ஓடுகிற வண்டிக்குள் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது.

ஒரு படியில் சிக்கல் தெரிந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த படி. நிலைமை மாறினால் மறுபடி ஏ-யிலிருந்து. ஆபத்தான நிலையில் உள்ளவரை 5 நிமிடத்துக்கு ஒரு தடவையும், நிலையாக உள்ளவரை 15 நிமிடத்துக்கு ஒரு தடவையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

தமிழகத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையின் வண்டிகளில் வழக்கமாக இரண்டு பேர்தான்: மருத்துவ உதவியாளர் ஒருவர், ‘பைலட்’ என்று அழைக்கப்படும் ஓட்டுநர் ஒருவர். நம் கணக்கில் அடிபட்டவர்களும் இரண்டு பேர். ஆகவே உதவியாளரின் கை தாடையை விடக்கூடாத நேரத்தில், இன்னொரு வண்டி கேட்டுத் தகவல் சொல்வது பைலட்டின் வேலை. உடைந்த காலின் காயத்தில் சுத்தமான துணியை வைப்பதும் அவர்தான். “இவரை ஏன் சார் பாக்க மாட்டேங்கிறீங்க?” என்று கூட்டம் சத்தம் போடும். சண்டைக்குப் போகாமல், விளக்கம் சொல்லி நேரத்தையும் கழிக்காமல், கேட்டவரிடமே ஒரு வேலை கொடுத்துவிடுவது நல்லது: “அண்ணே, நீங்க அந்தத் தம்பி பக்கத்துலயே இருங்க. அவரு பேச்சு குறைஞ்சா உடனே என்னைக் கூப்பிடுங்க.” அலறியவர் அமைதியாகிவிட்டால், வலி குறைந்துவிட்டது என்று கூட்டம் நினைக்கும். நாம் அவரிடம் ஓட வேண்டிய நேரம் அது.

இந்த ஒழுங்கைப் பெரிய விபத்தில் மட்டும் கடைப்பிடிக்கலாம் என்று நினைத்தால் அன்றைக்குக் கைகொடுக்காது. காய்ச்சல், வயிற்றுவலி, பிரசவ வலி என்று எந்த அழைப்புக்குப் போனாலும் ஏ-யில் தொடங்கி இ வரை பார்த்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பயமோ கூட்டமோ இல்லாத நாளில் பழகியதுதான், இரண்டும் சேர்ந்து வருகிற நாளில் கைக்கு வரும்.

வண்டியில் ஏற்றியாயிற்று. அருகில் சிறிய மருத்துவமனை இருக்கிறது. தலைக்காயத்துக்கு அறுவைசிகிச்சை செய்யக்கூடிய பெரிய மருத்துவமனை முக்கால் மணி நேரப் பயணம். உறவினர் ஒரு பெயரைச் சொல்கிறார், பைலட் வேறொன்றைச் சொல்கிறார். எங்கே போவது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)