கவுண்டி வரி வசூலும் கருவூலமும் (கலிபோர்னியா)

கவுண்டி என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள உள்ளாட்சிப் பிரிவு ஆகும். நாடு முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. லூசியானாவில் இவை பாரிஷ் என்றும் அலாஸ்காவில் பரோ என்றும் அழைக்கப்படுகின்றன. சொத்து வரியை வசூலிப்பது, வசூலான பணத்தைப் பள்ளிகள், நகரங்கள் முதலான அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, செலவாகும் நாள் வரை அதைப் பாதுகாப்பது ஆகியவை பல மாநிலங்களில் கவுண்டி அலுவலகங்களின் பணிகளாகும். நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 58 கவுண்டிகளைக் கொண்ட கலிபோர்னியாவின் முறை இங்கு விளக்கப்படுகிறது. வரி வசூலில் மிகக் கறாராக இருக்கும் இம்முறை, வசூலித்த பணத்தைக் காப்பதில் எங்கே தவறக்கூடும் என்பது 1994 இல் ஆரஞ்சு கவுண்டியில் வெளிப்பட்டது.

மூன்று அலுவலர்கள்

தமிழ்நாட்டில் கலெக்டர் என்றால் மாவட்ட நிருவாகத்தின் தலைவர். வரி வசூலிப்பவர் என்ற பொருளில் பிரித்தானியர் காலத்தில் வந்த பெயர் அது. கலிபோர்னியாவில் அந்தச் சொல் இன்றும் அதன் நேர்ப்பொருளிலேயே வழங்குகிறது. அங்கு வரி வசூல் அலுவலர் வரியை மட்டுமே வசூலிக்கிறார். வரி எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை.

வேலை மூவரிடம் பிரிக்கப்பட்டுள்ளது. சொத்தின் மதிப்பை நிர்ணயிப்பவர் மதிப்பீட்டாளர். அந்த மதிப்பின் மீது வரியைக் கணக்கிடுபவரும், வசூலான பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுபவரும் கணக்குத் தணிக்கை அலுவலர். பணத்தைப் பெற்று வைத்திருப்பவர் கருவூலர். பல கவுண்டிகளில் கருவூலரே வரி வசூல் அலுவலராகவும் இருக்கிறார். மதிப்பீட்டாளர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். கருவூலரும் பெரும்பாலான இடங்களில் தேர்தல் மூலமே வருகிறார். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற சில கவுண்டிகளில் அவர் நியமிக்கப்படுகிறார். வரியை நிர்ணயிப்பவர் கையில் பணமும், பணம் பெறுபவர் கையில் வரிக்கணக்கும் இருக்கக் கூடாது என்பதே இப்பிரிவினையின் நோக்கம்.

வரியின் அளவு

1978 ஜூன் 6 அன்று வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, கலிபோர்னியாவின் சொத்து வரியை அடியோடு மாற்றியது. அடிப்படை வரி, மதிப்பிட்ட தொகையில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த கடன் பத்திரங்களுக்கான தொகை மட்டும் இதனுடன் சேரும். மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது. சொத்து கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் சந்தை மதிப்பில் மறுமதிப்பீடு நடக்கும்.

இதன் விளைவு விசித்திரமானது. 1975 இல் 50,000 டாலர் மதிப்பிருந்த ஒரு வீடு கைமாறாமலே இருந்தால், ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடி, 45 ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ 1,22,000 டாலர் என்றே வரிப் பதிவேட்டில் இருக்கும். அடிப்படை வரி சுமார் 1,220 டாலர். அதே தெருவில் அதே அளவுள்ள வீட்டை 10 லட்சம் டாலருக்குப் புதிதாக வாங்கியவர் 10,000 டாலர் கட்டுவார். வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை இழப்பதைத் தடுக்கவே இச்சட்டம் என்று ஆதரவாளர்கள் கூறினர். அந்தப் பாதுகாப்பு உண்மையானது. புதிதாக வருபவர் மீது விழும் சுமையும் உண்மையானது.

தவணைகளும் அபராதமும்

நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வரிச் சீட்டு நவம்பர் 1க்குள் அனுப்பப்பட வேண்டும். முதல் தவணை நவம்பர் 1 அன்று செலுத்தத்தக்கதாகிறது; அதற்குக் கடைசி நாள் டிசம்பர் 10. இரண்டாம் தவணை பிப்ரவரி 1. கடைசி நாள் ஏப்ரல் 10. அன்று விடுமுறையானால் அடுத்த வேலை நாள் வரை அவகாசம் உண்டு. தவறினால் 10 விழுக்காடு அபராதம். சீட்டு கைக்கு வந்து சேரவில்லை என்பது ஏற்கத்தக்க காரணம் ஆகாது. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பலருக்கு வங்கியே மாதந்தோறும் பிடித்தம் செய்து வரியைக் கட்டிவிடுவதால், இந்த நாள்களை அவர்கள் அறிவதுகூட இல்லை. கடன் முடிந்த ஆண்டில்தான் சிலர் முதல் முறையாக அபராதம் கட்டுகிறார்கள்.

ஜூன் 30க்குள்ளும் கட்டாவிட்டால் சொத்து வரி நிலுவைப் பட்டியலில் சேரும். அதன் பிறகு மாதத்துக்கு 1.5 விழுக்காடு கூடும். கேட்பதற்குச் சிறிய எண். ஓராண்டு வரி 5,000 டாலர் என்று கொள்வோம். 10 விழுக்காடு அபராதம் 500 டாலர். பிறகு மாதம் 75 டாலர் வீதம் 60 மாதங்களுக்கு 4,500 டாலர். ஐந்து ஆண்டில் கடன் 10,000 டாலராகிவிடும். இதர கட்டணங்கள் தனி. இது ஓர் ஆண்டின் நிலுவை மட்டுமே. அடுத்தடுத்த ஆண்டுகளின் வரியும் இதனுடன் சேர்ந்துகொண்டே போகும்.

குடியிருப்புச் சொத்து பொதுவாக ஐந்து ஆண்டு நிலுவைக்குப் பின் ஏலத்துக்கு உரியதாகிறது. ஏலத்துக்கு முந்தைய வேலை நாள் மாலை வரை முழு நிலுவையையும் கட்டிச் சொத்தை மீட்கலாம். ஏலத்தில் வரிக்கடனை விட அதிகத் தொகை கிடைத்தால், அடமானக்காரர் போன்ற உரிமையாளர்களுக்குப் போக மிஞ்சியதை முன்னாள் சொந்தக்காரர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்துப் பெறலாம்.

இந்த மிச்சத் தொகை எல்லா மாநிலங்களிலும் திரும்பக் கிடைத்ததில்லை. மினசோட்டாவின் ஹெனபின் கவுண்டியில் ஒரு மூதாட்டியின் வரி நிலுவை, அபராதமும் வட்டியும் சேர்ந்து சுமார் 15,000 டாலராயிற்று. அசல் வரி அதில் 2,300 டாலர் மட்டுமே. கவுண்டி அவரது வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. மாநிலச் சட்டம் அதை அனுமதித்திருந்தது. 2023 மே 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடனுக்கு மேல் எடுத்துக்கொண்டது சொத்துரிமையைப் பறிப்பதாகும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 94.

பணம் தங்கும் இடம்

வசூலாகும் சொத்து வரி முழுவதும் கவுண்டிக்குச் சொந்தமன்று. பள்ளி மாவட்டங்கள், நகரங்கள், நீர் வழங்கல், தீயணைப்பு முதலிய சிறப்பு மாவட்டங்கள் ஆகியவற்றின் பங்குகளும் அதில் அடங்கும். 1949 முதல் நடைமுறையில் உள்ள டீட்டர் திட்டத்தை ஏற்றுள்ள கவுண்டிகள், யார் கட்டினார் யார் கட்டவில்லை என்று பாராமல், பங்குதாரர்களுக்கு முழுத் தொகையையும் கொடுத்துவிடுகின்றன. பின்னர் வரும் நிலுவையும் அபராதமும் கவுண்டிக்கே சேரும். இதனால் வரி தவறியவரின் பிழைக்காகப் பள்ளிக்கூடத்தின் வரவு குறைவதில்லை.

வரி டிசம்பரிலும் ஏப்ரலிலும் குவிகிறது; ஆசிரியர் சம்பளமோ மாதந்தோறும் கொடுக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பணம் சும்மா கிடக்காமல் இருக்க, கருவூலர் எல்லா அமைப்புகளின் பணத்தையும் ஒரே தொகுப்பாக்கி முதலீடு செய்கிறார். பள்ளி மாவட்டங்கள் தங்கள் பணத்தைக் கவுண்டிக் கருவூலத்தில் வைப்பது பெரும்பாலும் கட்டாயம். முதலில் முதலுக்குப் பாதுகாப்பு, அடுத்து வேண்டியபோது பணம் எடுக்கும் வசதி, கடைசியில்தான் வட்டி வருமானம் என்பது சட்டம் கூறும் வரிசை.

ஆரஞ்சு கவுண்டி, 1994

ஆரஞ்சு கவுண்டியின் கருவூலராக 1970களிலிருந்து இருந்த ராபர்ட் சிட்ரன் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். அவரிடம் ஏறத்தாழ 200 அமைப்புகளின் பணம், சுமார் 760 கோடி டாலர் இருந்தது. வாங்கிய கடன் பத்திரங்களையே ஈடாகக் கொடுத்துக் குறுகிய காலக் கடன் எடுத்து, அந்தப் பணத்தில் மேலும் பத்திரங்கள் வாங்கினார். இவ்வாறு முதலீடு 2,000 கோடி டாலரைத் தாண்டியது. வட்டி விகிதம் குறைந்தோ அப்படியேயோ இருக்கும் வரை இது பெரும் லாபம் தரும். தந்தது. மற்ற கருவூலங்களை விடக் கணிசமாக அதிக வருமானம் வந்ததால், கவுண்டியின் ஐந்து மேற்பார்வையாளர்களும் அதிகம் கேள்வி கேட்கவில்லை. சில பள்ளி மாவட்டங்கள் தாமே கடன் வாங்கி அந்தத் தொகுப்பில் போட்டன.

1994 பிப்ரவரி முதல் நவம்பர் வரை அமெரிக்க மைய வங்கி வட்டியை ஆறு முறை உயர்த்தி, 3 விழுக்காட்டிலிருந்து 5.5 விழுக்காடாக்கியது. கையிலிருந்த பத்திரங்களின் விலை விழுந்தது. கடனுக்குக் கட்ட வேண்டிய வட்டி ஏறியது. அவ்வாண்டு ஜூன் தேர்தலில் சிட்ரனை எதிர்த்து நின்ற கணக்காளர் ஜான் மூர்லாக் இந்த ஆபத்தை வெளிப்படையாகவே எச்சரித்தார். சிட்ரன்தான் வென்றார். வட்டியின் போக்கை அறிய அவர் ஜோதிடரையும் நாடியதாகப் பின்னாளில் வெளியான சாட்சியங்கள் கூறின.

டிசம்பர் தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு கொடுத்தது. இழப்பு சுமார் 164 கோடி டாலர். அதுவரை அமெரிக்க உள்ளாட்சி அமைப்பு எதுவும் இவ்வளவு பெரிய அளவில் திவாலானதில்லை. ஏழைக் கவுண்டி அன்று. நாட்டின் செல்வம் மிக்க கவுண்டிகளுள் ஒன்று. வரி வசூலும் நின்றுபோகவில்லை. திவாலான சில நாள்களிலேயே, மக்கள் வழக்கமாக வரி கட்ட வேண்டிய கடைசி நாள் வந்தது.

சிட்ரன் தம் சொந்தப் பைக்கு எதையும் எடுக்கவில்லை. ஆயினும் நிதியை முறைகேடாகக் கையாண்டது தொடர்பான ஆறு குற்றங்களை 1995 இல் ஒப்புக்கொண்டார். இழப்பை ஈடுகட்ட விற்பனை வரியை அரை விழுக்காடு உயர்த்தும் யோசனையை அதே ஆண்டு ஜூனில் வாக்காளர்கள் நிராகரித்தனர். ஊழியர்கள் நீக்கப்பட்டனர், சேவைகள் வெட்டப்பட்டன. பத்திரங்களை விற்ற மெரில் லிஞ்ச் நிறுவனம் 1998 இல் 40 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஈடு வைத்துக் கடன் எடுக்கும் முறைக்கு மாநிலச் சட்டம் முதலீட்டில் 20 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. 1996 ஜூனில் ஆரஞ்சு கவுண்டி திவால் நிலையிலிருந்து வெளிவந்தது. அதற்காக வாங்கிய கடனின் கடைசித் தவணை 2017 இல் கட்டப்பட்டது.